ஏஎஃப் அப்லேஷன்: எந்தக் கருவி என்பது இரண்டாவது கேள்வி

டெல்டா மாவட்டம் ஒன்றில் உரக்கடை வைத்திருக்கும் 59 வயது வாசகர் எழுதிய நீண்ட கடிதம் இது. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

ஒன்பது மாதங்களுக்கு முன் கண்புரை அறுவைக்காக ஈசிஜி எடுத்தபோது அவருடைய நாடித்துடிப்பு தாறுமாறாக இருப்பது தெரிந்தது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், சுருக்கமாக ஏஎஃப்: இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றி நடுங்கும் துடிப்புக் கோளாறு. அதற்கு முன்பிருந்தே மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியிருக்கிறது. வயசாகிறது என்று விட்டுவிட்டார். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் உண்டு. உயரம் 168 செ.மீ., எடை 91 கிலோ. எக்கோவில் வால்வுகள் நன்றாக இருக்கின்றன. ஆனால் இதயத்தின் பம்பு சக்தி 42 சதவீதம்தான், இடது மேலறையின் அளவு 44 மி.மீ. ஆஞ்சியோவில் அடைப்பு ஏதும் இல்லை. ஐந்து மாதங்களுக்கு முன் ஷாக் கொடுத்துத் துடிப்பைச் சீராக்கினார்கள். மூன்று வாரம் நின்றது. “அந்த மூன்று வாரம் நான் பழைய ஆளாக இருந்தேன் டாக்டர். குடோனில் மூட்டை எண்ணிக்கொண்டே நடந்தாலும் மூச்சு வாங்கவில்லை” என்கிறார். பிறகு பழையபடி ஏஎஃப். துடிப்பைச் சீராக்க அமியோடரோன் என்ற மருந்து கொடுத்தார்கள், அதில் தைராய்டு அளவு மாறிவிட்டது.

இப்போது இரண்டு மருத்துவர்கள் அப்லேஷன் செய்யச் சொல்கிறார்கள், அதாவது கதீட்டர் என்ற மெல்லிய குழாயை ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள் செலுத்தி, கோளாறு கிளம்பும் இடத்தைச் சுட்டுத் தழும்பாக்கும் சிகிச்சை. ஆனால் ஆளுக்கு ஒரு திட்டம். பக்கத்து நகரத்து மருத்துவர் ரேடியோ ஃப்ரீக்வென்சி முறையில் நுரையீரல் சிரைகளைச் சுற்றியும், கூடவே மேலறையின் பின்சுவரிலும் கூரையிலும் சுடலாம் என்கிறார். சென்னை மருத்துவர் பல்ஸ்டு ஃபீல்டு என்ற புது முறையில் சிரைகளை மட்டும் தனிமைப்படுத்தினால் போதும் என்கிறார். அதற்கு ஒன்றரை லட்சம் ரூபாய் கூடுதல். “குறைந்த பணத்துக்கு அதிக இடத்தில் சுடுவது நல்லதா, அதிகப் பணத்துக்குப் புது மெஷின் நல்லதா? தை மாதம் மகள் கல்யாணம். அதற்கு வைத்திருக்கும் பணத்தில் கை வைக்கலாமா? ஒரே தடவையில் நிரந்தரத் தீர்வு என்று வீடியோவில் பார்த்தேன். செய்துகொண்டால் ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரையை நிறுத்திவிடலாம் அல்லவா? என் மைத்துனரோ, ஏஎஃப் ஊரில் பாதிப் பேருக்கு இருக்கிறது, மாத்திரையோடு விட்டுவிடுங்கள் மாமா என்கிறார்.” இவைதான் அவர் கேள்விகள். போகிற போக்கில் இரண்டு விஷயங்களையும் எழுதியிருக்கிறார்: அவர் குறட்டை தாங்காமல் மனைவி பக்கத்து அறைக்குப் போய்விட்டார், சனி, ஞாயிறுகளில் கொஞ்சம் பிராந்தி உண்டு, “அளவாகக் குடித்தால் இதயத்துக்கு நல்லதுதானே?”

அன்புள்ள ஐயா, உங்கள் கடிதத்தில் கருவியைப் பற்றிய கேள்வி இரண்டு பக்கம், குறட்டை ஒரு வரி. என் பதிலில் அந்த விகிதம் கொஞ்சம் மாறும்.

அந்த மூன்று வாரம்

முதலில் மைத்துனருக்குப் பதில். அவர் சொல்வது முழுத் தவறல்ல. 2002இல் வெளிவந்த அஃபர்ம் ஆய்வில் நாலாயிரம் பேரைப் பார்த்தார்கள். துடிப்பைச் சீராக்க மருந்து கொடுத்தாலும், ஏஎஃப்பை அப்படியே விட்டு வேகத்தை மட்டும் கட்டுப்படுத்தினாலும் உயிரிழப்பில் பெரிய வேறுபாடு இல்லை. ஏஎஃப் இருப்பதே தெரியாமல் நடமாடும் வயதானவர்களுக்கு இன்றும் அந்த வழி போதும்.

ஆனால் உங்கள் நிலைமை வேறு. சீரான துடிப்பு திரும்பிய மூன்று வாரத்தில் மூச்சுத்திணறல் போய்விட்டது. மூச்சு வாங்குவதற்கு எடையும் வயதும் மட்டுமே காரணமாக இருந்தால் ஷாக் கொடுத்ததும் அது மறைந்திருக்காது. அதைவிட முக்கியம், பம்பு சக்தி 42 சதவீதம் என்பதும், அதற்குக் காரணமாகச் சொல்ல அடைப்போ வால்வுக் கோளாறோ இல்லை என்பதும். இப்படிப்பட்டவர்களில் பலருக்கு ஏஎஃப்தான் இதயத் தசையைத் தளர வைத்திருக்கும். ஆஸ்திரேலியாவில் நடந்து 2017இல் வெளியான கேமரா எம்ஆர்ஐ என்ற சிறிய ஆய்வு ஏறக்குறைய உங்களைப் போன்றவர்களையே எடுத்துக்கொண்டது: விடாத ஏஎஃப், பம்பு சக்தி 45 அல்லது அதற்குக் கீழே, வேறு காரணம் இல்லை. அப்லேஷன் செய்தவர்களுக்கு ஆறு மாதத்தில் பம்பு சக்தி சராசரியாக 18 புள்ளி ஏறியது; வேகத்தை மட்டும் கட்டுப்படுத்தியவர்களுக்கு 4 புள்ளிதான். சிறிய ஆய்வுதான், ஆனால் கேத் லேபில், அதாவது கதீட்டர் சிகிச்சை அறையில், நாங்கள் பார்ப்பதோடு ஒத்துப்போகிறது.

காலமும் கணக்கில் உண்டு. ஏழு நாளுக்கு மேல் விடாமல் இருக்கும் ஏஎஃப்பை பெர்சிஸ்டென்ட், அதாவது தங்கிவிட்ட வகை, என்கிறோம். ஒரு வருடம் தாண்டிவிட்டால் நீண்ட நாள் பெர்சிஸ்டென்ட். மேலறைச் சுவரில் தழும்பு கூடி, எந்த முறையும் கொஞ்சம் கொஞ்சமாக வலுவிழக்கும். ஏஎஃப் கண்டுபிடித்து ஒரு வருடத்துக்குள் துடிப்பைச் சீராக்க முயன்றவர்களுக்குப் பக்கவாதமும் இதயத் தளர்ச்சிச் சேர்க்கைகளும் உட்பட்ட மொத்த பாதிப்புகள் குறைந்தன என்று 2020இல் ஈஸ்ட் ஆய்வு காட்டியது. ஏறத்தாழ 2,800 பேர் அதில் இருந்தார்கள். உங்களுக்கு ஏட்டுக் கணக்கில் ஒன்பது மாதம். மூச்சு வாங்க ஆரம்பித்ததை வைத்துப் பார்த்தால் இன்னும் கூடுதல். மருந்து வழியும் குறுகிவிட்டது. அமியோடரோன் தைராய்டைத் தொட்டுவிட்டது, பம்பு சக்தி குறைந்த இதயத்துக்கு ஃபிளெக்கனைடு போன்றவை ஆகாது. ஆகவே அப்லேஷன் உங்களுக்கு நியாயமான அடுத்த படி என்றே நினைக்கிறேன். உங்கள் இரண்டு மருத்துவர்களும் இதில் ஒரே கருத்தில் இருப்பதைக் கவனியுங்கள்.

எதை வைத்துச் சுடுவது

1998இல் பிரான்சின் போர்டோ நகரத்தில் ஐஸாகெர் குழுவினர் 45 நோயாளிகளை ஆராய்ந்து, ஏஎஃப்பைத் தூண்டும் கள்ளத் துடிப்புகளில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் நுரையீரல் சிரைகளுக்குள்ளிருந்தே கிளம்புகின்றன என்று காட்டினார்கள். அன்றிலிருந்து அப்லேஷன் என்றால் அடிப்படை வேலை ஒன்றுதான்: இடது மேலறையில் அந்த நான்கு சிரைகளும் திறக்கும் இடத்தைச் சுற்றித் தழும்பு வளையம் போட்டு, உள்ளே கிளம்பும் மின்சாரம் வெளியே வராமல் அடைப்பது. வயலுக்கு வரப்பு கட்டுவது போலத்தான். எவ்வளவு உயரமாகக் கட்டினாலும் ஒரு நண்டு வளை இருந்தால் நீர் போய்விடும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஏஎஃப் திரும்பியவர்களுக்கு மறுபடி உள்ளே போய்ப் பார்த்தால், பெரும்பாலும் வளையத்தில் எங்கோ ஒரு இடம் ஆறிப்போய் மின்சாரம் கசிந்துகொண்டிருக்கும்.

ரேடியோ ஃப்ரீக்வென்சியில் கதீட்டர் முனையைச் சூடாக்கி, புள்ளி புள்ளியாக வைத்து வளையத்தை முடிப்பார்கள். எங்கே வேண்டுமானாலும் சுடலாம் என்பது இதன் பலம். செய்பவரின் கையைப் பொறுத்தே வளையம் அமையும் என்பது பலவீனம். கிரையோ பலூனில் சிரையின் வாயில் பலூனை விரித்து, நைட்ரஸ் ஆக்சைடு வாயுவால் உறைய வைப்பார்கள். இந்த இரண்டையும் ஒப்பிட்ட 2016ஆம் ஆண்டின் ஃபயர் அண்ட் ஐஸ் ஆய்வில் பலன் சமமாகவே இருந்தது. பல்ஸ்டு ஃபீல்டில் சூடும் இல்லை, குளிரும் இல்லை. மிகக் குறுகிய, உயர் அழுத்த மின்துடிப்புகள் செல்லின் சவ்வில் ஓட்டை போட்டு அதைச் சாகடிக்கின்றன. இதயத் தசைச் செல்கள் இதற்குச் சீக்கிரம் மடியும். பின்னால் ஒட்டியிருக்கும் உணவுக்குழாயும் பக்கத்து நரம்பும் அவ்வளவு எளிதில் பாதிக்கப்படாது. வேலையும் விரைவில் முடியும்.

இனி நீங்கள் எதிர்பார்க்கும் கேள்வி: பலனில் புதுக்கருவி உயர்ந்ததா? 607 பேரைச் சேர்த்த அட்வென்ட் ஆய்வில் ஒரு வருட முடிவில் பல்ஸ்டு ஃபீல்டில் 73 சதவீதமும் பழைய முறைகளில் 71 சதவீதமும் வெற்றி. சமம் என்றே கொள்ள வேண்டும். 2025இல் ஸ்விட்சர்லாந்தில் 210 பேரிடம், தோலுக்கடியில் கருவி வைத்து நுணுக்கமாகக் கண்காணித்த ஆய்வில், கிரையோவில் 51 சதவீதம் பேருக்கும் பல்ஸ்டு ஃபீல்டில் 37 சதவீதம் பேருக்கும் துடிப்புக் கோளாறு திரும்பியது. இது புது முறைக்குச் சாதகம். ஆனால் இந்த இரண்டு ஆய்வுகளிலும் இருந்தவர்கள் ஏஎஃப் வந்து வந்து போகும் வகையினர். உங்களுடையது தங்கிவிட்ட வகை. அந்த எண்களை அப்படியே உங்கள் மேல் பொருத்திப் பேசுகிறவர் விற்பனைப் பிரதிநிதியாக இருக்கலாம். பல்ஸ்டு ஃபீல்டைச் சோதித்த பல்ஸ்ட் ஏஎஃப் என்ற ஆய்வில் உங்களைப் போன்ற தங்கிவிட்ட வகையினருக்கு ஒரு வருடப் பலன் 55 சதவீதம்தான். வந்து போகும் வகையினருக்கு 66.

பாதுகாப்பில் மட்டும் புது முறைக்கு ஒரு உண்மையான ஆதாயம் இருக்கிறது. அதைக் கீழே சொல்கிறேன்.

எவ்வளவு இடத்தில் சுடுவது

இதுதான் உங்கள் இரண்டு மருத்துவர்களும் நிஜமாகவே வேறுபடும் இடம், கருவி அல்ல. ஏஎஃப் தங்கிவிட்டால் மேலறை முழுக்கவே கெட்டிருக்கும், ஆகவே சிரைகளோடு நிறுத்தாமல் கூடுதலாகச் சுட வேண்டும் என்ற எண்ணம் எங்கள் துறையிலேயே நெடுநாள் இருந்தது. நியாயமாகவே தோன்றும். 2015இல் ஸ்டார் ஏஎஃப் 2 ஆய்வு அதைச் சோதித்தது. தங்கிவிட்ட ஏஎஃப் உள்ள 589 பேர். சிரைகளை மட்டும் தனிமைப்படுத்தியவர்களில் 59 சதவீதம் பேர் 18 மாதம் ஏஎஃப் இல்லாமல் இருந்தார்கள். சிக்கலான மின்சமிக்ஞை தெரிந்த இடங்களையும் சுட்டபோது 49 சதவீதம், மேலறைச் சுவரில் தழும்புக் கோடுகளும் போட்டபோது 46. புள்ளியியலின்படி இந்த வேறுபாடு உறுதியானதல்ல. ஆனால் அதிகம் சுடுவதால் ஆதாயம் எதுவும் வரவில்லை. 2023இல் காப்லா ஆய்வு, பக்கத்து நகரத்து மருத்துவர் சொல்லும் அதே பின்சுவரை எடுத்துக்கொண்டது. 338 பேரில், பின்சுவரையும் சேர்த்தவர்களுக்கு வெற்றி 52.4 சதவீதம், சிரைகள் மட்டும் என்றவர்களுக்கு 53.6. எம்ஆர்ஐயில் தழும்பு தெரியும் இடங்களைத் தேடிச் சுட்டுப் பார்த்ததும் பலன் தரவில்லை.

கோடு போடுவதில் இன்னொரு சங்கடம் உண்டு. முழுமையாக அடையாத கோட்டைச் சுற்றி மின்சாரம் வட்டமடிக்க ஆரம்பித்தால் ஏஎஃப் போய் ஏட்ரியல் ஃப்ளட்டர் வரும். அது சில சமயம் ஏஎஃப்பை விட அதிகத் தொல்லை.

இருந்தாலும் அந்த மருத்துவர் சொல்வது ஆதாரமே இல்லாத பேச்சு என்று நினைத்துவிடாதீர்கள். மார்ஷல் சிரை என்ற சிறு சிரைக்குள் சுத்தமான ஆல்கஹாலைச் செலுத்தி, கோடுகளையும் சரியாக முடித்தால் பலன் கொஞ்சம் கூடுகிறது என்று 2020இல் அமெரிக்காவில் வீனஸ் ஆய்வும் 2025இல் சீனாவில் ப்ராம்ட் ஏஎஃப் ஆய்வும் காட்டின. பின்னதில் 498 பேர்; இப்படிச் செய்தவர்களுக்கு வெற்றி 70.7 சதவீதம், சிரைகள் மட்டும் என்றவர்களுக்கு 61.5. இதைச் செய்யத் தனிப் பழக்கம் வேண்டும், எல்லா இடத்திலும் செய்வதில்லை. என் கருத்து இது: உங்களைப் போன்ற ஒருவருக்கு முதல் தடவை நான்கு சிரைகளையும் நண்டு வளை இல்லாமல் தனிமைப்படுத்துவதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. திரும்பி வந்து, மறுபடி உள்ளே போகும்போது சிரைகள் எல்லாம் அடைபட்டே இருப்பது தெரிந்தால், அப்போது கோடுகளைப் பற்றி யோசிக்கலாம். விதிவிலக்கு, உங்கள் ஈசிஜி எதிலாவது ஏட்ரியல் ஃப்ளட்டர் பதிவாகியிருந்தால். அப்போது வலது மேலறையில் ஒரு கோடு முதல் தடவையே நியாயம்.

அப்படியானால் சென்னையா, பக்கத்து நகரமா? பக்கத்து நகரத்து மருத்துவரிடமே திரும்பிப் போய், “முதல் தடவை சிரைகளை மட்டும் செய்தால் என்ன டாக்டர்?” என்று கேளுங்கள். அவர் சம்மதித்து, இந்த வேலையில் நல்ல பழக்கமும் உள்ளவர் என்றால், ஒன்றரை லட்சத்துக்காகக் கல்யாணப் பணத்தில் கை வைக்க வேண்டாம். கையில் வசதி இருந்தால் பல்ஸ்டு ஃபீல்டு நல்ல தேர்வு. வட்டிக்கு வாங்கிச் செய்யும் அளவுக்கு, பலனில் அது உயர்ந்ததல்ல.

55 சதவீதம் என்றால் என்ன

மேலே உள்ள எண்களைப் படித்து உங்களுக்கு மனம் சோர்ந்திருக்கும். நிரந்தரத் தீர்வு என்று வீடியோவில் கேட்டவருக்கு 55 என்பது சில்லறையாகத் தெரியும். இங்கே ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். இந்த ஆய்வுகளில் தொடக்க வாரங்களுக்குப் பிறகு ஒரே ஒரு தடவை 30 விநாடி ஏஎஃப் பதிவானாலே அவரைத் தோல்விக் கணக்கில் எழுதுவார்கள். நாள் முழுக்க, மாதம் முழுக்க ஏஎஃப்பில் இருந்த ஒருவருக்கு அப்லேஷனுக்குப் பிறகு மாதத்தில் ஒரு மணி நேரம் மட்டும் வந்து போனால், ஆய்வில் அவர் தோல்வி. வீட்டில் அவர் மாடிப்படி ஏறிக்கொண்டிருப்பார்.

ஆகவே மொத்தம் எவ்வளவு நேரம் ஏஎஃப்பில் கழிகிறது என்பதையே பார்க்கச் சொல்வேன். 2024இல் பிரிட்டனில் 126 பேரிடம் துணிச்சலான ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு உண்மையான கிரையோ அப்லேஷன். மீதிப் பேருக்குக் கேத் லேபில் படுக்க வைத்துப் போலியான சிகிச்சை. யாருக்கு எது என்று நோயாளிகளுக்குத் தெரியாது. ஆறு மாதத்தில் ஏஎஃப் நேரம் உண்மைச் சிகிச்சையில் 60 சதவீதம் குறைந்தது, போலியில் 35. வாழ்க்கைத் தரமும் உண்மைச் சிகிச்சை பெற்றவர்களுக்குத் தெளிவாகவே மேம்பட்டது. சுட்டுவிட்டார்கள் என்ற மன ஆறுதலால் மட்டும் வரும் சுகம் இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

முதல் எட்டு வாரத்தில் ஏஎஃப் வந்தால் தோல்வி என்று முடிவு கட்டாதீர்கள். சுட்ட இடம் வீங்கி ஆறும் காலம் அது. தேவைப்பட்டால் ஒரு ஷாக் கொடுத்துச் சரிசெய்வார்கள். தங்கிவிட்ட வகையினரில் கணிசமானோருக்கு இரண்டாவது தடவை தேவைப்படுகிறது. அதை மருத்துவரின் பிழை என்று நினைக்க வேண்டாம், முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி. இரண்டாவது தடவைக்கான செலவையும் மனதில் வைத்தே பணத்தைத் திட்டமிடுங்கள்.

ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை தனிக் கணக்கு

அப்லேஷன் செய்தால் அப்பிக்ஸாபானை நிறுத்திவிடலாம் என்ற நம்பிக்கையை இப்போதே விட்டுவிடுங்கள். உங்கள் கடிதத்திலேயே ஆபத்தான வரி அதுதான். பக்கவாத அபாயத்தை நாங்கள் சில புள்ளிகளாகக் கணக்கிடுகிறோம். ரத்த அழுத்தத்துக்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று, இதயத் தளர்ச்சிக்கு ஒன்று. உங்களுக்கு மூன்று, 65 வயது ஆனால் நான்கு. ஆண்களுக்கு இரண்டு வந்தாலே மாத்திரை வேண்டும். துடிப்பு சீரானாலும் இந்தப் புள்ளிகள் உங்களோடுதான் இருக்கும். அப்லேஷன் முடிந்து முதல் இரண்டு மூன்று மாதம் யாருமே நிறுத்தக்கூடாது. பிறகும் தொடர்வதா என்பதை ஈசிஜி அல்ல, இந்தப் புள்ளிகளே தீர்மானிக்கும். சிகிச்சைக்கு முந்தைய நாட்களில் பல் பிடுங்கப் போவது போல நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இப்போது பெரும்பாலும் மாத்திரையைத் தொடர்ந்தபடியே செய்கிறோம்.

மற்ற வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. சிறுவயதுக் கீல்வாதக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கி அதனால் ஏஎஃப் வந்தவர்கள் நம் ஊரில் இன்னும் நிறையப் பேர். அவர்களுக்கு அப்பிக்ஸாபான் போன்ற புதிய மாத்திரைகள் போதாது, பழைய வார்ஃபரின் வகைதான் நல்லது என்று 2022இல் இன்விக்டஸ் ஆய்வு காட்டியது. இந்தக் கட்டுரையில் உள்ள எதையும் அவர்கள் தங்களுக்கு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

குறட்டை, எடை, பிராந்தி

மனைவி அறை மாற்றிப் படுக்கும் அளவு குறட்டை, ரத்த அழுத்தம், 91 கிலோ: உங்களுக்குத் தூக்கத்தில் மூச்சடைப்பு இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. மூச்சு அடைபடும் ஒவ்வொரு முறையும் ஆக்சிஜன் இறங்கி, மார்புக்குள் அழுத்தம் மாறி, மேலறை இழுபடுகிறது. அதைக் கவனிக்காமல் அப்லேஷன் செய்தவர்களுக்கு ஏஎஃப் திரும்பி வருவது அதிகம். இரண்டு மருத்துவமனைகளிலும் ஸ்லீப் ஸ்டடி பற்றி யாரும் பேசவில்லை என்று தெரிகிறது. ஒன்றரை லட்சத்தைப் பற்றி யோசிக்கும் முன் அதற்குப் பல மடங்கு குறைந்த செலவில் முடியும் இந்தச் சோதனையைச் செய்துகொள்ளுங்கள். வீட்டிலேயே ஓர் இரவு கருவியைக் கட்டிக்கொண்டு தூங்கினால் போதும். அடைப்பு கடுமையாக இருந்தால் மூச்சுவழி மூடாமல் காற்றைச் செலுத்தும் சீபேப் முகமூடியை இரவில் போட வேண்டும். இரவில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று உங்களுக்குத் தெரியாது. ஸ்லீப் ஸ்டடிக்காக மருத்துவரைப் பார்க்கப் போகும்போது மனைவியையும் அழைத்துப் போங்கள்.

எடை விஷயத்தில் அடிலெய்டு நகரத்து லெகஸி ஆய்வு கண்ணைத் திறந்தது. பத்து சதவீதத்துக்கு மேல் எடை குறைத்து அதைத் தக்க வைத்தவர்களில் ஏறக்குறைய 45 சதவீதம் பேர் ஐந்து வருடத்துக்குப் பிறகு மருந்தோ அப்லேஷனோ இல்லாமலே ஏஎஃப் இல்லாமல் இருந்தார்கள். குறைக்காதவர்களில் 13 சதவீதம். உங்கள் கணக்கில் பத்து சதவீதம் என்றால் ஒன்பது கிலோ. ஒன்பதும் இறங்கட்டும், பிறகு அப்லேஷன் என்று காத்திருக்கச் சொல்லவில்லை. காலம் ஓடுகிறது என்று மேலேயே சொன்னேன். இப்போதே ஆரம்பித்து, அப்லேஷனுக்குப் பிறகும் தொடருங்கள்.

அளவான குடி இதயத்துக்கு நல்லது என்ற பேச்சு ஏஎஃப் உள்ளவருக்குப் பொருந்தவே பொருந்தாது. ஆஸ்திரேலியாவில் தவறாமல் குடிக்கும் 140 ஏஎஃப் நோயாளிகளில் பாதிப் பேரை நிறுத்தச் சொன்னார்கள். ஆறு மாதத்தில் நிறுத்தியவர்களில் 53 சதவீதம் பேருக்கும், தொடர்ந்தவர்களில் 73 சதவீதம் பேருக்கும் ஏஎஃப் வந்தது. எந்தக் கதீட்டரும் இல்லாமல் இருபது புள்ளி. பிராந்தியை நிறுத்துவதற்கு காப்பீட்டு நிறுவனத்தின் ஒப்புதலும் தேவையில்லை.

தைராய்டையும் ஒரு சுற்று பார்த்துவிடுங்கள். அமியோடரோன் அதை மந்தமாக்கவும் செய்யும், முடுக்கிவிடவும் செய்யும். முடுக்கிவிட்டால் அதுவே ஏஎஃப்பைக் கிளப்பும். அது சரியாகாமல் அப்லேஷனுக்கு நாள் குறிக்க வேண்டாம். அமியோடரோனை நிறுத்துவதோ தொடர்வதோ உங்கள் மருத்துவர் முடிவு. நிறுத்தினாலும் அது உடம்பிலிருந்து வெளியேற மாதக் கணக்காகும்.

ஆபத்துகளும் கையெழுத்தும்

தொடைச் சிரை வழியாகக் கதீட்டரை ஏற்றி, இரண்டு மேலறைகளுக்கும் நடுவே உள்ள சுவரைத் துளைத்து இடதுபக்கம் போக வேண்டும். பல்ஸ்டு ஃபீல்டில் 17,000 பேருக்கு மேல் தொகுத்த மேனிஃபெஸ்ட் பதிவேட்டில் பெரிய சிக்கல் ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு வந்தது. இதயத்தைச் சுற்றி ரத்தம் தேங்குவது ஆயிரத்தில் மூன்று நான்கு பேருக்கு, பக்கவாதம் ஆயிரத்தில் ஒருவருக்குச் சற்று மேல், இறப்பு பத்தாயிரத்தில் மூன்று. உணவுக்குழாயில் துளை விழுந்தது ஒருவருக்கும் இல்லை. புது முறையின் உண்மையான ஆதாயம் என்று நான் சொன்னது இதைத்தான். ரேடியோ ஃப்ரீக்வென்சியில் அந்தத் துளை சில ஆயிரத்தில் ஒருவருக்கு வரும்; வந்தால் பாதிக்கு மேற்பட்டோர் பிழைப்பதில்லை. பின்சுவரில் சுடும்போது இந்தக் கவலை கூடும், ஏனென்றால் உணவுக்குழாய் அதை ஒட்டித்தான் போகிறது. பல்ஸ்டு ஃபீல்டுக்கும் அதற்கே உரிய தொல்லைகள் உண்டு: இதய ரத்தக்குழாய் சட்டென்று சுருங்குவது, சிவப்பணுக்கள் உடைந்து சிறுநீரகம் பாதிக்கப்படுவது. சர்க்கரை உள்ளவர் என்பதால் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த முறையில் செய்தாலும், வீடு திரும்பிய முதல் இரண்டு மாதத்துக்குள் காய்ச்சல், விழுங்கும்போது வலி, நெஞ்சுவலி, கைகால் இழுப்பு, பேச்சுக் குழறல் எது வந்தாலும் தெரு முனை கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டாம். சிகிச்சை செய்த மருத்துவமனைக்கே போங்கள். அப்லேஷன் செய்துகொண்டவர் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். அப்போது தேவை சி.டி. ஸ்கேன். துளை சந்தேகம் இருக்கும்போது எண்டோஸ்கோபி செய்யக் கூடாது. அதில் செலுத்தும் காற்றே துளை வழியாக இதயத்துக்குள் போய் மூளைக்கு ஏறிவிடும்.

சம்மதப் படிவத்தில் எங்கெங்கே சுடப் போகிறார்கள் என்று எழுதச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. நோயாளி ஒப்புக்கொண்ட சிகிச்சையைத் தாண்டி, உயிரைக் காக்க உடனடித் தேவை இல்லாதபோது, கூடுதல் சிகிச்சை செய்யக் கூடாது என்று 2008இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உள்ளே போன பிறகு திட்டம் கொஞ்சம் மாறுவது இந்தத் துறையில் இயல்புதான். அதனால்தான் எந்த நிலைமையில் கூடுதலாகச் சுடுவீர்கள் என்று முதலிலேயே பேசிக்கொள்வது இருவருக்கும் நல்லது. எக்கோ, ஈசிஜி, ஆஞ்சியோ பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி. இன்னொரு மருத்துவரிடம் காட்டத்தான் என்று தயங்காமல் சொல்லிக் கேளுங்கள்.

இரண்டு மருத்துவர்களிடமும் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. இந்த மாதிரி அப்லேஷன் வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள், தங்கிவிட்ட வகையினர் எத்தனை பேர், சிக்கல் வந்தால் இதய அறுவை மருத்துவர் அதே கட்டடத்தில் இருக்கிறாரா? நல்ல மருத்துவர் இதைக் கேட்டுக் கோபப்பட மாட்டார். என்னிடமும் கேட்கிறார்கள்.

காப்பீடு பற்றி ஒரு வரிதான் எழுதியிருந்தீர்கள். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பாலிசி எடுத்தபோதே சொல்லப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்புக் காலம் இப்போது அதிகபட்சம் மூன்று வருடம்தான். எந்த முறை, எந்தக் கதீட்டர் என்பதைக் குறிப்பிட்டு முன் அனுமதியை எழுத்தில் வாங்கிய பிறகு அட்மிஷன் போடுங்கள்.

கல்யாணத்துக்கு முன்பா, பின்பா

நீங்கள் எழுதியது ஆவணியில். ஸ்லீப் ஸ்டடி, தைராய்டு, சிறுநீரகச் சோதனை எல்லாம் புரட்டாசிக்குள் முடிந்துவிடும் என்றால் ஐப்பசியின் முதல் பாதியில் செய்துகொள்ளலாம். எட்டு வாரம் கழிந்து மார்கழி நடுவில் நிலைமை தெரிந்துவிடும். தையில் நீங்கள் பந்தியில் நின்று பரிமாறலாம். செய்த பிறகு பத்து நாளாவது உரமூட்டை தூக்கக் கூடாது. கார்த்திகைக்குத் தள்ளிப்போனால் வேண்டாம். ஆறிக்கொண்டிருக்கும் மேலறையோடு மண்டபம், அழைப்பிதழ், ஜவுளி என்று அலைய வேண்டாம்; மாசியில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மூன்று மாதத் தாமதத்தால் பெரிய நஷ்டம் இல்லை, எடையும் குறட்டையும் அதற்குள் வழிக்கு வந்தால் லாபம்தான். அதுவரை துடிப்பின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பிஸோப்ரோலால் மாத்திரை தொடரட்டும். கல்யாண வீட்டில் எனக்குள்ள ஒரே பயம் அப்பிக்ஸாபான்தான். நாளைக்கு இரண்டு வேளை மாத்திரை அது. ஒரு வேளை மறந்தால் நினைவு வந்ததும் அன்றே போட்டுக்கொள்ளுங்கள்; இரண்டாகச் சேர்த்துப் போட வேண்டாம். முகூர்த்த நாளன்று சட்டைப் பையில் ஒரு அட்டை இருக்கட்டும்.